இடைவழிப் பொழுது

மனிதன் தன் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு இடங்களை மட்டுமே குறிப்பிடுகிறான். புறப்பட்ட இடம் ஒன்று; போய்ச் சேர்ந்த இடம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே அவன் எங்கோ அமர்ந்திருந்தான், எதையோ எதிர்பார்த்துக் கண்விழித்திருந்தான், முன்பின் அறியாத ஒருவருக்கு அருகில் தலைசாய்த்தான் என்பதெல்லாம் அவனுடைய கணக்கில் ஏறுவதே இல்லை. சென்னையிலிருந்து உம்ராவுக்குச் சென்று திரும்பிய ஒருவரிடம் பயணம் எவ்வாறிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மக்காவைப் பற்றி மனமுருகிச் சொல்வார். மதீனாவைப் பற்றிக் கண்ணீர் மல்கச் சொல்வார். நடுவில் வேறொரு நாட்டு விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருந்ததைப் பற்றி மட்டும், 'சும்மா உட்கார்ந்திருந்தோம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

'சும்மா' என்னும் அச்சொல்லைத்தான் நாம் இங்கே சற்று நிறுத்தி நோக்க விரும்புகிறோம். ஆயுளை எவ்வழியில் கழித்தாய் என்று ஒவ்வோர் அடியானும் மறுமையில் வினவப்படுவான் என்பது நாம் அறிந்த செய்தி. அவ்வினாவிலிருந்து காத்திருந்த நேரத்துக்கு விலக்கு உண்டென்று எங்கும் சொல்லப்படவில்லை. அங்ஙனமாயின், ஒரு விமானத்திலிருந்து இறங்கி மறு விமானத்தில் ஏறும் வரை கழிகின்ற அந்த இடைவழிப் பொழுது யாருடையது? அப்பொழுதில் மனிதன் யாருக்குக் கடமைப்பட்டவன்? அவனுக்குக் கடமைப்பட்டோர் யார்?

தாம்பரம் என்னும் மாறுமிடம்

தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடையே வாழ்கின்ற நம்மவர்க்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் வீடுகளின் கூரைமேல் இரவும் பகலும் விமானங்கள் தாழப் பறந்து திரிசூலத்து ஓடுபாதையில் இறங்குகின்றன. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வளைகுடா நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு அரிது.

தாம்பரமோ தொன்றுதொட்டே வண்டி மாறும் ஊர். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அது முதல் தென்னாட்டு ரயில்களில் வருவோர் இங்கே இறங்கி மின்சார வண்டிக்கு மாறுவது வழக்கமாயிற்று. திருச்செந்தூரிலிருந்து காயல்பட்டினம் வழியாக வரும் செந்தூர் எக்ஸ்பிரஸிலும், நெல்லை, பொதிகை, பாண்டியன் வண்டிகளிலும் வந்து தாம்பரத்து நடைமேடையில் பெட்டிகளோடு நிற்போரைப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து நான்காவது நிலையமாகிய திரிசூலத்தில் இறங்கி, எதிரே உள்ள விமான நிலையத்துக்குச் செல்ல இருப்பவர்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் ஏற்பட்டபின், பேருந்தில் வருவோரும் தாம்பரத்துக்குத் தெற்கேயே இறங்குகின்றனர். ஆக, விமானத்தில் ஏறுமுன்பே அவர்களுடைய முதல் இடைவழித் தங்கல் நம் ஊரில் நிகழ்ந்துவிடுகிறது. அவர்களுக்கு நாம் வெறும் வழியில் கிடக்கும் ஊர். நமக்கு அவர்கள் யார் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

காற்றுக்குக் காத்திருந்தோர்

இடையில் காத்திருத்தல் விமானத்தோடு பிறந்த துன்பமன்று. பாய்மரக் கப்பல் காலத்தில் காத்திருத்தல் மணிக்கணக்கில் அன்று, மாதக்கணக்கில் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவன் திரும்ப வேண்டுமாயின் வடகிழக்குப் பருவக்காற்று எழும் வரை துறைமுகத்தில் தங்கியே ஆகவேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, சீனத்துக்குப் போகும் கப்பலுக்காகக் கள்ளிக்கோட்டையில் மூன்று மாதம் காத்திருந்தார். அந்நாட்டை ஆண்ட சாமூதிரி அரசரின் விருந்தினராக அவர் அங்கே இருந்தார். பின்னர் மாலத்தீவிலிருந்து நம் மஃபர் கரைக்கு வரப் புறப்பட்டபோது, காற்று அவரை இலங்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கும் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. பாவா ஆதம் மலைக்கு ஏறிச் சென்று வந்தார்.

காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகப்பட்டினமும் இவ்வாறு காற்றுக்குக் காத்திருந்தோர் நடமாடிய துறைகளே. காத்திருந்தவர்கள் பள்ளிவாசல் எழுப்பினார்கள், கடன் கொடுத்தார்கள், வாங்கினார்கள், மொழி கற்றார்கள், மணவுறவு கொண்டார்கள். அவர்கள் தம் காத்திருப்பைச் 'சும்மா' என்று கருதியிருந்தால், தமிழகத்துக் கடற்கரையில் நம் சமுதாயத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும். வழியில் கழிந்த பொழுதே பல குடும்பங்களுக்கு வேராயிற்று.

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற 'ரஜூலா' கப்பலை நம் முதியோர் இன்றும் பேசுகின்றனர். ஹஜ்ஜுப் பயணிகளோ பம்பாய்க்கு ரயிலேறிச் சென்று, அங்குள்ள சாபு சித்தீக் முஸாபிர்கானா போன்ற விடுதிகளில் தங்கி, ஜித்தாவுக்குக் கப்பலேறினர். அக்கப்பல் பயணம் 1995-இல் நின்றுவிட்டது. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே, மேல்விஷாரத்து வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் கட்டிய சித்தீக் சராயும், ராஜா சர் இராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும் வழிப்போக்கருக்காகவே எழுந்தவை. அக்காலத்துச் செல்வர்கள் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் எண்ணவில்லை. நடுவில் நிற்பவன் எங்கே தலைசாய்ப்பான் என்பதையும் எண்ணினார்கள்.

எவருக்கும் உரியவனல்லாத மனிதன்

இன்றைய விமான நிலையத்தின் இடைவழிக் கூடம் ஒரு விந்தையான இடம். அங்கே இறங்கியவன் ஒரு நாட்டின் மண்ணில் நிற்கிறான்; ஆயினும் அந்நாட்டுக்குள் நுழைந்தவனாகக் கருதப்படமாட்டான். கடவுச்சீட்டில் முத்திரை விழவில்லை. அவனுடைய பெட்டி அவன் கையில் இல்லை. அது தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கைக்கடிகாரம் ஒரு நேரம் காட்ட, சுவர்க் கடிகாரம் வேறு நேரம் காட்டுகிறது. துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி பின்னே. தோஹாவும் ஜித்தாவும் இரண்டரை மணி பின்னே. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இரண்டரை மணி முன்னே. பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம் என்பதை அறியாமல் விமானத்தைத் தவறவிட்டவர் பலர்.

மெஹ்ரான் கரீமி நாசேரி என்ற ஈரானியர், உரிய தாள்கள் இன்மையால் 1988-இல் சிக்கி, 2006 வரை பாரிஸ் நகரின் சார்ல் த கோல் விமான நிலையத்திலேயே வாழ்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் ஒரு நீள இருக்கையே அவருக்கு வீடாயிற்று. பின்னர் வெளியே சென்றவர், இறுதியில் அங்கேயே திரும்பி வந்து 2022 நவம்பரில் அவ்விமான நிலையத்திலேயே உயிர் நீத்தார். இடைவழியில் நிற்பவனுக்கு உலகத்துச் சட்டம் தரும் இடம் எவ்வளவு ஒடுங்கியது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இந்நிலையில் இருவகை மயக்கம் எழுகிறது. 'இங்கே என்னை அறிந்தவர் எவருமில்லை. ஆகவே எனக்குக் கடமையுமில்லை' என்பது ஒன்று. 'இவர் நம்மவரல்லர், இன்னும் சில மணி நேரத்தில் போய்விடுவார். ஆகவே இவர்மீது நமக்குப் பொறுப்பில்லை' என்பது மற்றொன்று. முன்னது பயணியின் மயக்கம். பின்னது ஊராரின் மயக்கம். இரண்டையும் நம் மார்க்கம் ஏற்கவில்லை.

சலுகை உண்டு, விடுதலை இல்லை

ஃபிக்ஹு நூல்களில் முஸாபிருடைய தொழுகைக்கென்று தனிப் பாடமே அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். ஃபஜ்ரிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும் சேர்த்தும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் அவ்வாறு சேர்ப்பதில்லை. ஒன்றைக் கடைசி நேரத்திலும் மற்றதை முதல் நேரத்திலும் தொழுதுகொள்வார்கள். நோன்பைப் பயணத்தில் விட்டுப் பின்னர் நிறைவேற்றலாம்.

இவையனைத்தும் சலுகைகள். ஆனால் சலுகை யாருக்கு வழங்கப்படும்? கணக்கில் இருப்பவனுக்கே வழங்கப்படும். கணக்கிலிருந்து நீக்கப்பட்டவனுக்குச் சலுகை எதற்கு? நான்கை இரண்டாக்கியபோது இறைவன் அடியானை நோக்கி, 'நீ இப்போது எங்கே இருக்கிறாய், எவ்வளவு களைத்திருக்கிறாய் என்பதை நான் அறிவேன்' என்று உணர்த்துகிறான் என்றே நாம் கொள்கிறோம். நாட்டின் குடியேற்றப் பதிவேட்டில் பெயர் ஏறாத அந்தக் கூடத்திலும், அவனுடைய பெயர் ஏறியுள்ள பதிவேடு ஒன்று இருக்கிறது.

இங்கே நம் பகுதிக்கே உரிய நுட்பமான ஒரு மஸ்அலாவையும் எண்ணிப் பார்க்கலாம். திரிசூலத்து விமான நிலையத்தில் இருவர் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்; அவர் முஸாபிர், கஸ்ர் செய்யலாம். மற்றவர் பல்லாவரத்தில் குடியிருப்பவர். பெட்டியும் கடவுச்சீட்டும் கையிலிருந்தாலும், தன் ஊரின் தொடர்ந்த குடியிருப்பை அவர் இன்னும் கடக்கவில்லை. ஆதலால் முழுமையாகத் தொழவேண்டியவர். ஒரே இருக்கை, ஒரே விமானம், இரு சட்டம்! பயணம் தொடங்கிவிட்டது என்பதை முடிவு செய்வது கையிலுள்ள சீட்டு அன்று, கடந்து வந்த தூரமும் எல்லையுமே. இவ்விருவரும் ஜமாஅத்தாகத் தொழுதாலோ மேலும் அழகிய ஒரு விதி குறுக்கிடுகிறது. உள்ளூர்க்காரர் இமாமாக நின்றால், பின்னிற்கும் பயணி தன் சலுகையை விட்டுவிட்டு அவரோடு நான்கையும் தொழுகிறார். பயணி இமாமாக நின்றால், அவர் இரண்டில் சலாம் கொடுத்ததும் உள்ளூர்க்காரர் எழுந்து எஞ்சியதைத் தொழுது முடிக்கிறார். வேறுபட்ட நிலையிலுள்ள இருவர் ஒரே வரிசையில் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு உண்டா?

இஹ்ராமும் அவ்வாறே. வளைகுடா வழியாக நேரே மக்காவுக்குச் செல்ல நாடியவர், மீக்காத் எல்லையை வானத்திலேயே கடக்க நேர்கிறது. ஆகவே இடைவழி விமான நிலையத்திலேயே குளித்து உடைமாற்றி ஆயத்தமாகி, எல்லைக்கு முன் நிய்யத் செய்துகொள்கிறார்கள். முதலில் மதீனா செல்வோருக்கு அத்தேவை இல்லை; அவர்கள் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள். எண்ணிப் பாருங்கள்: உலகத்தார் 'சும்மா' என்று தள்ளிய அந்தக் காத்திருப்பு மண்டபம்தான், ஒரு முதியவர் உலகத்து ஆடையைக் களைந்து வெள்ளைத் துணி இரண்டை உடுத்தும் இடமாகிறது. ஹஜ்ஜும் உம்ராவும் கஅபாவின் முன்னிலையில் மட்டும் தொடங்குவதில்லை, வழியிலேயே தொடங்கிவிடுகின்றன.

பக்கத்து இருக்கையின் உரிமை

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனம் நன்மை செய்யப்பட வேண்டியோரை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், நெருங்கிய அண்டை வீட்டார், தூரத்து அண்டை வீட்டார் என்று செல்லும் அவ்வரிசையில், பக்கத்தில் இருக்கும் தோழரும் வழிப்போக்கரும் இடம்பெறுகின்றனர். 'பக்கத்தில் இருக்கும் தோழர்' என்பதில் பயணத்தில் உடன்வருபவரும் அடங்குவார் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஆகவே அண்டை வீடு என்பது சுவரால் மட்டும் ஆவதன்று. இரண்டு மணி நேரம் நமக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு நம் அண்டை வீட்டாரே.

இவ்வுரிமை பெரிய தியாகங்களைக் கேட்பதில்லை. ஒளுச் செய்தபின் தரையில் தேங்கிய நீரைத் துடைத்துவிடுதல், மூன்று இருக்கைகளை ஒருவரே மறித்துப் படுக்காதிருத்தல், பிறர் உறங்கும்போது தொலைபேசியை உரக்கப் பேசாதிருத்தல், எழுத்தறியாத ஒரு தொழிலாளிக்கு அவர் செல்லவேண்டிய வாயிலின் எண்ணைப் படித்துச் சொல்லுதல் ஆகியவையே. அந்த எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும் என்பதையும், வாயில் அடைபடும் நேரம் விமானம் புறப்படும் நேரத்துக்கு முந்தியது என்பதையும் முதன்முறை போகிறவர் எவ்வாறறிவார்? அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்வதும் ஒரு ஸதகாவே.

யாருடைய நேரம் விற்கப்படுகிறது?

இனி, நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருவோம். நேரே செல்லும் விமானத்துக்குக் கட்டணம் மிகுதி. இறங்கி மாறுவதற்குக் கட்டணம் குறைவு. நடுவில் காத்திருக்கும் நேரம் நீள நீளக் கட்டணம் பெரும்பாலும் மேலும் இறங்குகிறது. பணமுள்ளவன் பணத்தால் செலுத்துகிறான். இல்லாதவன் தன் தூக்கத்தாலும் முதுகுவலியாலும் செலுத்துகிறான்.

ஒரு தொழிலாளி தன் குழந்தைகளின் படிப்புக்காக ஐயாயிரம் ரூபாயை மிச்சப்படுத்த விரும்பித் தானே பத்து மணி நேரம் காத்திருந்தால், அது அவனுடைய உழைப்பின் ஒரு பகுதி, அதைப் போற்றுகிறோம். தன் நேரத்தைத் தான் விற்கும் உரிமை அவனுக்குண்டு. ஆனால் பிறருடைய நேரத்தை விற்கும் உரிமை நமக்குண்டா? எழுபது வயதுத் தாயாரை உம்ராவுக்கு அனுப்பும் பிள்ளை, ஒரு தொகை குறைகிறது என்பதற்காக, நள்ளிரவில் அந்நிய நாட்டு நிலையத்தில் பதினோரு மணி நேரம் அவரை இரும்பு நாற்காலியில் இருத்துகிற சீட்டைத் தேர்கிறான். தாயார் மறுக்கமாட்டார். 'பிள்ளைக்கு ஏன் செலவு' என்றுதான் சொல்வார். அவர் மறுக்காததாலேயே அது நியாயமாகிவிடுமா?

முன்சொன்ன திருவசனம் பெற்றோரில் தொடங்கி வழிப்போக்கரையும் குறிப்பிடுவதை நினைவுகூருங்கள். பெற்றோரே வழிப்போக்கராகும்போது அவ்விரு உரிமைகளும் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. அப்போது நம் பொறுப்பு குறைவதில்லை, இரட்டிக்கிறது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். 'வசதியில்லாத பிள்ளை என்ன செய்வான்? நேர் விமானத்துக்குப் பணம் சேரும் வரை தாயாரின் ஆசையைத் தள்ளிப்போடுவதா? அதற்குள் அவர் ஆயுள் முடிந்துவிட்டால்?' நியாயமான மறுப்பு இது. இதற்கு நாம் கூறும் விடை: காத்திருப்பை முற்றிலும் ஒழிக்கவேண்டும் என்பதன்று, அதை மறைக்காமல், கணக்கில் எடுத்துக்கொண்டு, சுமக்கத்தக்கதாக ஆக்கவேண்டும் என்பதே. மூன்று நான்கு மணி நேரக் காத்திருப்பு முதியவருக்கு இளைப்பாறலாகவும் அமையும். மிகக் குறுகிய இடைவெளியோ அவரை ஓடவைக்கும். சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே பதிவு செய்வதற்குப் பல விமானக் குழுமங்களில் தனிக் கட்டணம் இல்லை. மருந்தையும் மாற்றுத் துணியையும் கைப்பையில் வைத்தனுப்ப எந்தச் செலவும் இல்லை. அந்தந்த ஊர் நேரத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, முழுப் பயணமும் ஒரே சீட்டாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரே சீட்டாயின் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை தானே போய்ச் சேரும். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தாமதத்தால் நேரும் இழப்புக்குப் பொறுப்பேற்கச் செய்யும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையில் இந்தியாவும் 2009-இல் சேர்ந்துள்ளது. இரண்டு தனிச் சீட்டுகளாயின், பல இடங்களில் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மீண்டும் உள்ளே வரவேண்டும். அதற்கு அந்நாட்டு விசாவும் வேண்டியிருக்கும். விமானம் தவறினால் கேட்பதற்கு ஆளில்லை.

டிராவல்ஸ் தொழில் நடத்தும் நம் சகோதரர்களிடமும் ஒரு சொல். சந்தையில் தானியக் குவியலினுள் கையை விட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு அவ்வியாபாரியைக் கடிந்துகொண்ட வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 'ஒரே ஓர் இடத்தில்தான் மாறவேண்டும்' என்று சொல்லி, அங்கே இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது, உலர்ந்த தானியத்தின்கீழ் ஈரத்தை மறைப்பதற்கு ஒப்பாகாதா? விலையைச் சொல்பவர் நேரத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர். சொன்னபின் வாங்குவதும் விடுவதும் வாங்குவோர் விருப்பம்.

வழிமகனின் பங்கு

ஜகாத்துப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் தவ்பா அத்தியாயம் 60-ஆம் வசனம் கூறுகிறது. அவர்களுள் எட்டாமவர் 'இப்னுஸ் ஸபீல்' எனப்படும் வழிப்போக்கர். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வழியின் மகன்' என்பது. ஊரில் அவர் செல்வந்தராக இருக்கலாம். வழியில் பொருளின்றி நின்றுவிட்டால் அவருக்கும் அதில் பங்குண்டு என்று சட்ட வல்லுநர்கள் கூறுகின்றனர். இவ்விதியின் ஆழம் வியக்கத்தக்கது. வறுமை என்பது கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. நம்முடையது நமக்கு எட்டுகிறதா என்பதையும் பொறுத்தது. வங்கியில் இலட்சம் இருந்தும், அந்நிய நாட்டில் அட்டை வேலை செய்யாமல் ஒரு தேநீருக்கு வழியின்றி நிற்பவர் அந்நேரத்தில் வழியின் மகனே. அன்னையும் தந்தையும் அருகில் இல்லாதபோது வழியே அவருக்குப் பெற்றோர். அப்படியானால், வழியோரத்தில் வாழ்கிறவர்கள் யார்? அவர்கள் அவருடைய உறவினர் அல்லரோ?

வழி அடைபடும்போதுதான் இவ்வுறவின் தேவை விளங்குகிறது. 2024 ஏப்ரல் 16-இல் பெய்த பெருமழை துபாய் விமான நிலையத்தை வெள்ளக்காடாக்கியது. 2025 ஜூன் 23-இல் போர் அச்சத்தால் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. இரு முறையும் ஆயிரக்கணக்கான இடைவழிப் பயணிகள் செய்வதறியாது நின்றனர். நம் ஊரும் விலக்கன்று. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் ஓடுபாதையை மூழ்கடித்து, சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. அரக்கோணத்துக் கடற்படை விமானதளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. அதே வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல, மதம் கேளாமல் கதவைத் திறந்து, வந்தோரைத் தங்கவைத்து உணவளித்தன. அது நம் சமுதாயம் பெருமைப்படத்தக்க செயல்.

வெள்ளம் வந்தபோது திறந்த கதவு, வெயில் நாளில் ஏன் அடைபட்டிருக்க வேண்டும் என்பதே நாம் கேட்க விரும்புவது. இஷா முடிந்ததும் பூட்டப்படும் பள்ளிவாசல்களை நாம் அறிவோம். திருட்டுக்கு அஞ்சியே பூட்டுகிறார்கள் என்பதையும் அறிவோம். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் தாம்பரம் முதல் பரங்கிமலை வரை ரயில் பாதையை ஒட்டியுள்ள ஜமாஅத்துகள் ஒன்றுகூடிச் சிந்தித்தால், அவற்றுள் ஒன்றிரண்டு பள்ளிகளிலேனும் காவலாள் ஒருவரோடு, ஒளுச் செய்யவும் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் படுக்கவும் ஒரு தனிக் கூடம் ஒதுக்க இயலாதா? வைகறையில் ரயிலிறங்கும் பெண்களுக்கு ஒரு கழிவறையும் தொழ ஓரிடமும் அமைக்க இயலாதா? சத்திரம் கட்டிய நம் முன்னோர்க்கு இருந்த வசதியில் பாதி நமக்கு இல்லையா? விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர் பிறந்த தமிழ்மண்ணில், வழிப்போக்கரின் உரிமையைத் தாங்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் நாம். நமக்கு இது இரட்டைக் கடன்.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறலாம். இடைவழிப் பொழுது யாருடையது? அதை விற்ற விமானக் குழுமத்துடையது அன்று. சலிப்போடு அதைக் கழிக்கிற பயணியுடையது மட்டுமும் அன்று. மற்றெல்லாப் பொழுதையும் போல அதுவும் இறைவனுடையது. நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்டது. அதில் பயணிக்குச் சலுகை உண்டு. பக்கத்து இருக்கைக்காரருக்கு உரிமை உண்டு. அனுப்பி வைத்த பிள்ளைக்குப் பொறுப்பு உண்டு. வழியோரத்து ஊராருக்குக் கடமை உண்டு.

இவ்வுலக வாழ்வையே ஒரு மரநிழலில் சற்று இளைப்பாறிச் செல்லும் பயணிக்கு ஒப்பிட்டுக் காட்டினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவ்வாறாயின், பிறப்புக்கும் மறுமைக்கும் நடுவே நாம் அனைவரும் காத்திருப்போரே. சென்னையிலோ தோஹாவிலோ நான்கு மணி நேரத்தை நேர்மையாகக் கழிக்கத் தெரிந்தவர், இப்பெரிய காத்திருப்பையும் நேர்மையாகக் கழிக்கப் பழகிக்கொள்கிறார். அதற்கான ஆற்றலை வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும், வழியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அருள்வானாக. ஆமீன்.